ட்ரெல்லோவில் ஆறு மெஷின். டிஸ்பேட்ச் தேதி மட்டும் யாருக்கும் தெரியாது

கேள்வி: கோவையில் ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின், அதாவது கஸ்டமரின் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே தனியாக வடிவமைக்கும் மெஷின், செய்து கொடுக்கிறோம். மொத்தம் 22 பேர். எப்போதும் ஐந்தாறு மெஷின்கள் கையில் இருக்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் ட்ரெல்லோவில், அதாவது வேலைகளைக் கார்டுகளாகப் பத்தி பத்தியாக நகர்த்தும் ஆன்லைன் செயலியில், ஒரு போர்டு. எல்லாம் சேர்த்தால் 400 கார்டுகளுக்கு மேல். யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது தெரிகிறது. ஆனால் வெளியில் வாங்கும் பால் ஸ்க்ரூ மாதிரி ஒரு பாகம் பத்து நாள் தாமதமானால் டிஸ்பேட்ச் எத்தனை நாள் தள்ளும் என்று கஸ்டமர் கேட்கும்போது குத்துமதிப்பாகத்தான் சொல்கிறோம், அதுவும் தவறிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட், ஸோஹோ புராஜெக்ட்ஸ், பிரைமவேரா என்று வேலை அட்டவணை போடும் மூன்று மென்பொருள்களுக்கும் கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். எதை எடுப்பது? 400 கார்டுகளையும் எப்படி மாற்றுவது? ஷாப் ஃப்ளோர் ஆட்கள் ஒத்துழைப்பார்களா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அந்த 400 கார்டுகளை மாற்றவே வேண்டாம்.

போர்டு, வேலை இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று காட்டுகிறது. ஷெட்யூலிங் மென்பொருள் ஒரு வேலை நகர்ந்தால் அதன் பின்னால் எவையெல்லாம் நகரும் என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்கு மூன்று விவரங்கள் போதும்: வேலைக்கு எத்தனை நாள், அது எந்த வேலை முடிந்த பிறகு தொடங்கும், யார் செய்வது. உங்கள் கார்டுகளில் மூன்றாவது மட்டும்தான் இருக்கிறது. ட்யூ டேட் என்பது நீங்கள் கையால் எழுதிய ஆசை, வேலையின் கால அளவு அல்ல. கார்டுகளை அப்படியே இறக்குமதி செய்தால் 400 வரிகள் கொண்ட, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பட்டியல்தான் கிடைக்கும். பார்க்க அட்டவணை போலிருக்கும், ஒரு தேதியை மாற்றினால் வேறெதுவும் அசையாது. இரண்டு மாதத்தில் எல்லோரும் ட்ரெல்லோவுக்கே திரும்பிவிடுவார்கள், சந்தா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் தொழிலில் வழக்கமான ஒரு மெஷினையே எடுத்துப் போட்டுப் பார்ப்போம். லேஅவுட் டிசைன், கஸ்டமர் ஒப்புதல் வரை 12 வேலை நாள். அதன் பின் ஒரு பக்கம் கைடுவே, பால் ஸ்க்ரூ, சர்வோ மாதிரி வாங்கும் பாகங்களுக்கு பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) போட 3 நாள், பொருள் வந்து சேர 42 நாள். இன்னொரு பக்கம் பெட், அதாவது மெஷினின் அடிச்சட்டம்: டிராயிங் 5, ஃபேப்ரிகேஷன் 9, வெளியில் ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (வெல்டிங்கின் உள்ளிறுக்கம் போக ஃபர்னஸில் சூடாக்குவது) 4, மெஷினிங் 7, பெயின்ட் 2, ஆக 27 நாள். மூன்றாவது பக்கம் மின் கட்டுப்பாட்டுப் பேனலின் டிராயிங் 6, பேனல் கட்ட 10. பேனல் சாமான் கையிருப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டும் வாங்கிய பொருளும் வந்த பின் மெக்கானிக்கல் அசெம்பிளி 8, பிறகு பேனலை இணைத்து மெஷினில் வயரிங் 5, ட்ரையல் 6, பேக்கிங்கும் டிஸ்பேட்சும் 2.

வாங்கும் பொருளின் 42 நாள் காலண்டர் நாள். வாரம் ஆறு நாள் வேலை என்றால் 36 வேலை நாள். ஆக அந்தப் பாதை 51-ஆம் நாள் அசெம்பிளி வாசலுக்கு வருகிறது. பெட் 39-ஆம் நாளே தயார். அங்கிருந்து 8, 5, 6, 2 சேர்த்தால் 72 வேலை நாள், சரியாக 12 வாரம். பெட்டுக்கு 12 நாள் ஸ்லாக் இருக்கிறது, அதாவது அவ்வளவு நாள் தாமதித்தாலும் டிஸ்பேட்ச் அசையாது. 28-ஆம் நாளே தயாராகும் பேனல், 59-ஆம் நாள் அசெம்பிளி முடிந்து வயரிங் தொடங்கும்போதுதான் வேண்டும், அதனால் அதற்கு 31 நாள். பிஓவுக்கு ஒரு நாள்கூட இல்லை. ஆனால் போர்டில் எது கண்ணில் படும்? 'ஃபேப்ரிகேஷன்' பத்தியில் சிவப்பாக நிற்கும் பெட் கார்டு. அதற்காக ஃபேப்ரிகேட்டருக்குத் தினமும் போன் போகும். விலையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று நான்கு நாள் பேரத்தில் கிடக்கும் பிஓ கார்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டிஸ்பேட்சைத் தள்ளியது அந்த நான்கு நாள்தான். நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போவது இந்தக் கணக்கைத்தான். அது ஒன்றும் புதிதல்ல. டிஸ்பேட்ச் தேதியைத் தீர்மானிக்கும் மிக நீண்ட பாதையைக் கண்டுபிடிக்கும் இந்தக் கிரிட்டிக்கல் பாத் முறையை 1950களின் கடைசியிலேயே டுபான்ட் கம்பெனியும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து உருவாக்கிவிட்டார்கள்.

இனி அமைக்கும் வேலை. புதிதாக வரும் ஒரே ஒரு ஆர்டரை எடுங்கள். டிஸ்பேட்சுக்கு மூன்று வாரத்துக்குள் நிற்கும் மெஷின்கள் போர்டிலேயே முடியட்டும். பாதியில் நிற்பவற்றுக்கு மிச்ச வேலைகளை மட்டும் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். முடிந்த வேலைகளைத் திரும்ப உள்ளிடுவது வீண்.

ஒரு மெஷினுக்கு 40 முதல் 60 வரிகள் போதும். வாரம் ஒரு முறை அப்டேட் செய்யப் போகிறீர்கள் என்றால், ஒரு வரி இரண்டு நாளுக்குக் குறையாமலும் பத்து நாளுக்கு மேல் போகாமலும் இருப்பது நல்லது. 'கவர் பிளேட்டுக்கு எம்12 போல்ட் எடுக்கணும்', 'ரிவிஷன் பி டிராயிங் பிரின்ட் போடணும்' மாதிரிக் கார்டுகள் போர்டிலேயே இருக்கட்டும். அட்டவணையில் அவை ஏறினால் 60 வரி 300 ஆகும், வாரா வாரம் அப்டேட் செய்ய ஆள் இருக்காது. வெண்டர் டெலிவரி மட்டும் விதிவிலக்கு: 42 நாளானாலும் ஒரே வரியாக இருக்கட்டும்.

நாள் கணக்கை எங்கிருந்து எடுப்பது? இங்கேதான் பழைய போர்டு உதவும். முடிந்துபோன மெஷின்களின் கார்டுகளைத் திறந்தால், எந்தத் தேதியில் எந்தப் பத்திக்கு நகர்ந்தது என்பது ஆக்டிவிட்டியில் இருக்கும். ஸ்ட்ரெஸ் ரிலீவிங்குக்குப் போய் பெட் திரும்பி வந்த நாட்களை நான்கைந்து மெஷின்களில் பார்த்து, நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். வெண்டர் "ரெண்டு நாள்ல தர்றேன் சார்" என்று சொன்னதை எழுதாதீர்கள். லாரி கிடைக்க ஒரு நாள், அங்கே ஃபர்னஸ் லோடு சேரக் காத்திருக்கும் ஒரு நாள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த நான்கு.

அடுத்து நாட்காட்டி. வேலையை உள்ளிடும் முன் இதைச் செய்யாதவர்கள் எல்லாத் தேதியையும் தப்பாகத்தான் பெறுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் புராஜெக்டின் 'ஸ்டாண்டர்டு' நாட்காட்டி திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 40 மணி நேரம். உங்கள் ஷாப் சனிக்கிழமையும் ஓடுகிறது. மாற்றாமல் விட்டால் அதே 72 வேலை நாள் 12 வாரத்துக்குப் பதில் 14 வாரத்தைத் தாண்டும். சனிக்கிழமையை வேலை நாளாக்குங்கள். ஆப்ஷன்ஸில் வாரத்துக்கு 40 மணி என்பதை 48 ஆகவும், மாதத்துக்கு 20 நாள் என்பதை 26 ஆகவும் மாற்றுங்கள். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் விடுமுறைகளை நீங்கள் உண்மையில் மூடும் நாட்கள்படி போடுங்கள், அரசு காலண்டர்படி அல்ல. பீகார், ஒடிசா ஆட்கள் ஃபிட்டிங்கில் இருந்தால் ஹோலி, சத் பூஜை சமயங்களில் அவர்கள் ஊருக்குப் போகும் நாட்களை அந்த ஆட்களின் நாட்காட்டியில் தனியாகக் குறியுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையைச் சேர்ப்பது உங்கள் விருப்பம். விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷின்) நாள் முழுக்க நிற்கும் என்றால் மெஷினிங் நாட்காட்டியில் சேர்ப்பதே நல்லது.

வாங்கும் பொருளின் 42 நாளைச் வேலை நாளைக் குறிக்கும் சாதாரண 'டி' போட்டு உள்ளிடாதீர்கள். அது 42 வேலை நாள் என்று எடுத்துக்கொண்டு ஏழு வாரமாக நீட்டிவிடும், ஒரு வாரம் சும்மா போகும். 'இடி' என்று, அதாவது எலாப்ஸ்டு நாளாகக் கொடுத்தால் ஞாயிறையும் சேர்த்து ஆறு வாரத்தில் நிற்கும். பெயின்ட் காய்வதற்கும் இதேதான். நீங்கள் பூஜைக்கு மூடினாலும் பெயின்ட் காய்ந்துகொண்டுதான் இருக்கும்.

பட்டியல் எக்செலில் தயாராகி இறக்குமதியாகிறது என்றால் இரண்டு இடத்தில் சறுக்கும். 05/06 என்பது நமக்கு ஜூன் 5. கம்ப்யூட்டரின் வட்டார அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால் மே 6. 12 வரைக்குமான தேதிகள் இப்படிச் சத்தமில்லாமல் மாறும், 13-லிருந்து மேலே உள்ளவை மாறாமல் நிற்கும். அதனால் பார்த்த மாத்திரத்தில் பிடிபடாது. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. வேலைப் பெயர்களைத் தமிழில் வைத்தால் சிஎஸ்வி கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகத்தான் போய்ச் சேரும்.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்டைத் திறந்ததும் திரையின் கீழ்ப்பட்டையில் 'நியூ டாஸ்க்ஸ்: மேனுவலி ஷெட்யூல்டு' என்று இருக்கும். அதை 'ஆட்டோ ஷெட்யூல்டு' ஆக்குங்கள். மேனுவலில் இருக்கும் வேலை, இணைப்பு கொடுத்திருந்தாலும், முன்வேலை தள்ளும்போது தானாக நகராது. மென்பொருள் கணக்கே போடவில்லை என்ற புகாரில் பாதி இங்கிருந்துதான் வருகிறது. மீதிப் பாதி, ஸ்டார்ட் பத்தியில் கையால் தேதி அடிப்பதால். அப்படி அடித்ததும் 'ஸ்டார்ட் நோ எர்லியர் தன்' என்ற கட்டு அந்த வேலையின் மேல் விழுந்துவிடும். ஓரத்தில் சிறிய காலண்டர் படம் தெரியும். அதன் பிறகு முன்வேலை ஐந்து நாள் சீக்கிரம் முடிந்தாலும் இந்த வேலை முன்னே வராது. தேதி அடிக்கும் பழக்கம் ட்ரெல்லோவிலிருந்து வந்த கைகளுக்கு லேசில் போகாது. காலண்டர் படம் தெரியும் வரிகளை வாரம் ஒரு முறை பார்த்து, நியாயமான காரணம் இல்லாதவற்றைக் கழற்றுங்கள். கஸ்டமருக்குக் கொடுத்த தேதியைக்கூடக் கட்டாகப் போடாமல் 'டெட்லைன்' கட்டத்தில் போடுங்கள். கணக்கு சுதந்திரமாக ஓடும், தேதி தாண்டினால் சிவப்புக் குறி வரும், ஸ்லாக் மைனஸில் காட்டும். மைனஸ் 6 என்றால் அந்தப் பாதையில் எங்காவது ஆறு நாளைப் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம்.

இணைப்பு கொடுக்கும்போது ஒரே விதி: முதல் வரி, கடைசி வரி தவிர எல்லா வரிக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருக்க வேண்டும். தலைப்பு வரிகளை இணைக்காதீர்கள், உள்ளே இருக்கும் வேலைகளை இணையுங்கள். நான்கு வகை இணைப்பு உண்டு. உங்களுக்கு 'முடிந்ததும் தொடங்கு'தான் பெரும்பாலும் வேண்டியிருக்கும். பேனலுக்கு மட்டும் 'ஸ்டார்ட் டு ஸ்டார்ட்' உதவும்: டிராயிங் தொடங்கி மூன்று நாளில் பவர் சர்க்யூட் டிராயிங் கைக்கு வந்துவிடும், பேனல் கட்ட ஆரம்பிக்கலாம். ஆனால் இதோடு, டிராயிங் முடியாமல் பேனல் முடியாது என்ற 'ஃபினிஷ் டு ஃபினிஷ்' இணைப்பும் வேண்டும். ஒரே இரண்டு வரிகளுக்கு நடுவே இரண்டு இணைப்பை மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் ஏற்காது, அதனால் 'டிராயிங் முடிந்தது' என்று பூஜ்ய நாள் வரி ஒன்று போட்டு அதிலிருந்து இந்த இரண்டாவது இணைப்பைக் கொடுங்கள். இல்லையென்றால் டிராயிங் இழுத்துக்கொண்டே போனாலும் பேனல் முடிந்ததாக அட்டவணை சொல்லும்.

அமைத்து முடித்ததும் ஒரு சோதனை. பிஓ வரியில் 3 நாளை 13 ஆக்குங்கள். டிஸ்பேட்ச் பத்து வேலை நாள் அளவுக்குத் தள்ளியதா? எலாப்ஸ்டு நாள் நடுவில் இருப்பதால் ஒரு நாள் முன்பின் போகலாம். பிறகு அதை 3-க்கே கொண்டுவந்துவிட்டு, பெட் ஃபேப்ரிகேஷனை 9-லிருந்து 15 ஆக்குங்கள். டிஸ்பேட்ச் அசையக் கூடாது. இரண்டும் சரியாக வந்தால் அட்டவணை உயிரோடு இருக்கிறது.

ஆட்கள் விஷயம்தான் ஆறு மெஷின் ஓட்டும் உங்களுக்கு உண்மையான சிக்கல். உங்கள் வயர்மேன் ஒருவர் என்றால், ஆறு தனித்தனிக் கோப்புகளில் ஒவ்வொரு மெஷினும் அவரைத் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தேதியும் தனியாகப் பார்த்தால் சரி, சேர்த்துப் பார்த்தால் அந்த மனிதர் ஒரே வாரத்தில் மூன்று மெஷினில் இருப்பார். புராஜெக்டில் ஆட்கள் பட்டியலை மட்டும் ஒரு தனிக் கோப்பில் வைத்து, ஆறு மெஷின் கோப்புகளும் அதைப் பகிரும்படி செய்யுங்கள். ரிசோர்ஸ் பூல் என்பார்கள். 22 பேரையும் போடாதீர்கள். எவரால் வேலை காத்து நிற்கிறதோ அவர்களை மட்டும்: வயர்மேன், பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) புரோகிராமர், சீனியர் ஃபிட்டர், விஎம்சி. 'லெவல் ஆல்' பொத்தானை எடுத்த எடுப்பில் அழுத்த வேண்டாம். அது மோதலைத் தீர்க்க வேலைகளைத் தள்ளும். எந்த மெஷின் முக்கியம் என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னுரிமை எண் கொடுத்த பிறகே அழுத்துங்கள். எண் 0 முதல் 1000 வரை, நீங்கள் சொல்லாவிட்டால் எல்லாமே 500. இன்னொரு பொறி: 'எஃபர்ட் டிரிவன்' டிக் இருந்தால், 8 நாள் அசெம்பிளிக்கு இரண்டாவது ஃபிட்டரைச் சேர்த்ததும் 4 நாள் என்று ஆகிவிடும். ஒரே ஸ்லைடில் இருவர் கை வைக்க முடியாது என்பது அதற்குத் தெரியாது. டிக்கை எடுத்துவிடுங்கள்.

லேஅவுட் ஒப்புதல் வந்த அன்று பேஸ்லைனை, அதாவது அன்றைய அட்டவணையின் நகலை, சேமியுங்கள். தாமதமானால் அதைத் திருத்தி எழுதாதீர்கள். கஸ்டமரே வேலையை மாற்றினால் மட்டும் அடுத்த எண்ணில் இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் மொத்தம் 11 இடம் இருக்கிறது. கூடுதல் பணம் கேட்கும் பேச்சில் இந்த இரண்டு பேஸ்லைனுக்கும் இடையிலான வித்தியாசம் நல்ல ஆதாரம்.

வாராந்திர அப்டேட்டுக்கு ஒரே பொறுப்பாளர், ஆறு மெஷினுக்கும் சேர்த்து அரை நாள். சனிக்கிழமை மதியம் வசதி. சூப்பர்வைசரிடம் "எத்தனை சதவீதம் முடிஞ்சுது?" என்று கேட்காதீர்கள், மூன்று வாரம் தொடர்ந்து 90 என்றே பதில் வரும். "இன்னும் எத்தனை நாள் வேணும்?" என்று கேட்டு அதை 'ரிமைனிங் டியூரேஷன்' கட்டத்தில் போடுங்கள். பிறகு ஸ்டேட்டஸ் டேட்டை அன்றைக்கு வைத்து, 'அப்டேட் புராஜெக்ட்' மூலம் முடியாத வேலைகளை அந்தத் தேதிக்குப் பிறகு நகர்த்துங்கள். இதை விட்டால் போன செவ்வாய்க்கிழமை செய்யாத வேலை போன செவ்வாய்க்கிழமையிலேயே கிடக்கும், அதை நம்பி டிஸ்பேட்ச் தேதியும் அழகாக நிற்கும்.

ஷாப் ஃப்ளோர் ஒத்துழைப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களிடம் புதிய மென்பொருளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். போர்டு அவர்களுடையது, அப்படியே இருக்கட்டும். அட்டவணையிலிருந்து அடுத்த இரண்டு வார வேலைகளை மட்டும் வடிகட்டி, ஏ3 தாளில், அவர்கள் வாயில் புழங்கும் பெயர்களோடு சுவரில் ஒட்டுங்கள். தேதி அட்டவணையில் மட்டும், முடிந்தது முடியாதது போர்டில் மட்டும். இரண்டையும் இரு திசையிலும் தானாக இணைக்கும் கருவிகளை ஆரம்பத்தில் தொடாதீர்கள். ஒருவர் கார்டில் தேதியை இழுத்தால் அது அட்டவணைக்குள் கட்டாக வந்து விழும், யார் செய்தது என்று தேடுவதற்குள் வாரம் போய்விடும். டேலி, ஸ்டோர், டைம்ஷீட் இணைப்பும் பிறகு. பிஓ எண்ணும் வெண்டர் ஒப்புக்கொண்ட தேதியும் இரண்டு பத்திகளாக அட்டவணையில் இருந்தால் முதல் ஆறு மாதத்துக்குப் போதும். ஒன்று மட்டும்: தாமதத்தைச் சொன்ன ஆள் சனிக்கிழமைக் கூட்டத்தில் திட்டு வாங்கினால், அடுத்த வாரத்திலிருந்து எல்லாரும் நாளைக் கூட்டியே சொல்வார்கள்.

கடைசியாக, மூன்று கொட்டேஷன்கள். பிரைமவேராவை ஒதுக்கிவிடுங்கள். மெட்ரோ, மின்நிலையம், ரிஃபைனரி அளவு வேலைகளுக்கான கருவி அது. கஸ்டமர் ஒப்பந்தத்திலேயே அந்தக் கோப்பு கேட்டால் ஒழிய 22 பேருக்குத் தேவையில்லை. ஸோஹோவில் பிரவுசரிலேயே எல்லாரும் பார்க்கலாம், போர்டும், வேலைகளைத் தேதிவாரியான பட்டைகளாகக் காட்டும் கான்ட் படமும் ஒரே இடத்தில் கிடைக்கும். கிரிட்டிக்கல் பாத்தும் பேஸ்லைனும் உங்களுக்குக் கொட்டேஷன் கொடுத்த பிளானில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் டெஸ்க்டாப் கணக்கில் ஆழமானது, கற்க நாளாகும், ஆனால் உங்களுக்குத் தேவை இரண்டு லைசென்ஸ்தான். மற்றவர்களுக்கு பிடிஎஃப் போதும். யாராவது 'புராஜெக்ட் ஆன்லைன்' சேவையை விற்க வந்தால், அதை 2026 செப்டம்பர் 30-உடன் நிறுத்துவதாக மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது என்பதைச் சொல்லி அனுப்புங்கள். டெஸ்க்டாப் பதிப்பு வேறு. ட்ரெல்லோவின் பிரீமியம் டைம்லைன் காட்சியையும் சிலர் சொல்வார்கள். அது நீங்கள் கொடுத்த தேதிகளைப் பட்டையாக வரையும், கணக்குப் போடாது.

ஒரே நேரத்தில் ஆறு மெஷின், பொதுவான வயர்மேன் என்ற உங்கள் நிலையில் நான் டெஸ்க்டாப் பக்கம் சாய்வேன். ஆனால் பணம் கட்டும் முன், இலவசமாகக் கிடைக்கும் புராஜெக்ட்லிப்ரேயில் ஒரு மெஷினை முழுசாகப் போட்டு நான்கு வாரம் அப்டேட் செய்து பாருங்கள். அந்த நான்கு சனிக்கிழமையும் அரை நாள் ஒதுக்க ஒருவர் கிடைக்கவில்லை என்றால், எந்தக் கொட்டேஷனுக்கும் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். கிடைத்துவிட்டால், விற்பனையாளரின் டெமோ கோப்பை ஒதுக்கிவிட்டு உங்கள் 50 வரியை அவர் கையில் கொடுத்து, மேலே சொன்ன 3-ஐ 13 ஆக்கும் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

பழைய போர்டுகளை அழிக்க வேண்டாம். கடைசி மெஷின் போனதும் ஒவ்வொன்றையும் ஜேசன் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், இலவசக் கணக்கிலேயே முடியும். அடுத்த கொட்டேஷனில் டெலிவரி வாரம் எழுதும்போது ஸ்ட்ரெஸ் ரிலீவிங் உண்மையில் எத்தனை நாள் எடுத்தது என்று அதில்தான் தேட வேண்டியிருக்கும்.